நிதி மேலாளர் மாறியது தெரியாமல் நாங்கள் வைத்த பூசைகள் குறித்து

அனுப்புநர்:
அ. லூர்துநாதன்,
லூர்து ஆடியோஸ்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
முதலீட்டாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
தென்கரை மியூச்சுவல் ஃபண்ட்,
சென்னை.

பொருள்: தென்கரை வளர்ச்சிப் பங்குத் திட்டம் – நிதி மேலாளர் வேறு நிறுவனத்துக்குச் சென்றதை உரிய முறையில் தெரிவிக்காதது – அதனால் எங்கள் வேண்டுதல்கள் இடம் மாறிப் போனது – புதிய மேலாளரின் பெயர், நட்சத்திரம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் நிதி மேலாளர் திரு. ஹர்ஷில் பட்வாரியா அவர்களின் உடல்நலத்துக்காக மாதாமாதம் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசை வைத்துவந்த ஆள் நான்தான். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. தங்கள் விளம்பரத் தாளில் இருந்த தபால்தலை அளவுப் படம்தான் பழக்கம். என் கூடப்பிறந்த அண்ணனுக்கு மூலத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதுகூட நான் பூசை வைக்கவில்லை என்று என் அண்ணி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

2. நான் கடலூரில் மைக் செட் வாடகைக்கு விடுபவன். சிதம்பரத்தில் பந்தல் போடும் திரு. மணவாளன் என் தொழில் கூட்டாளி. மாதா திருவிழா என்றாலும் மாரியம்மன் திருவிழா என்றாலும் பந்தல் அவருடையது, சத்தம் என்னுடையது. உறவு கிடையாது, இருந்தாலும் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் பழைய ஜெனரேட்டருக்குச் சரியாகச் சாமி புறப்படும் நேரம் பார்த்து இருமி நின்றுவிடும் குணம் உண்டு. புதிய ஜெனரேட்டர் வாங்குவதற்காக இருவர் பெயரிலும் கூட்டாகத் தங்கள் திட்டத்தில் சேமித்துவருகிறோம். பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். படிவம் எழுதிக் கொடுத்த நாளில் அது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிந்தது.

3. எங்களைச் சேர்த்துவிட்டவர் கடலூர் முகவர் திரு. ஜெயப்பிரகாஷ். நல்ல பையன், டை கட்டினால் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி பேசுவார். இரண்டு வகைத் திட்டம் இருப்பதாக விளக்கினார். ஒன்றில் சந்தை போகிற போக்கில் பணமும் போகும், தனியாக ஆள் தேவையில்லை. மற்றதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இதுல ஒருத்தர் உக்காந்து தெனம் பாத்துக்கிட்டே இருப்பாரு சார். எந்தக் கம்பெனி வளரும்னு மோப்பம் புடிச்சி வாங்குவாரு, தேயறத வித்துடுவாரு. எல்லாம் அவரு மூளைதான்." மணவாளன் உடனே, "அப்ப அந்த ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னா?" என்று கேட்டார். ஜெயப்பிரகாஷ் ஆவணங்களைக் கவனமாகப் படிக்கும்படி மட்டும் சொன்னார்.

4. ஐயா, எங்கள் பணம் ஒரு மனிதரின் மூளையை நம்பி இருக்கிறது என்றால் அந்த மனிதரைப் பார்த்துக்கொள்வதுதானே முறை? எங்கள் தொழிலில் அப்படித்தான். திருவிழாவுக்கு முந்தின நாள் ஒயர்மேனுக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தனுப்புவோம். தங்கள் மேலாளர் மும்பையில் இருப்பதால் ரசம் அனுப்ப இயலவில்லை. ஆகவே பூசை என் பொறுப்பு, தில்லைக் காளியம்மன் கோயிலில் அர்ச்சனை மணவாளன் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

5. பூசைக்குப் பெயர் போதும். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். தெரியாவிட்டால் சாமி பேருக்கே செய்துவிடலாம் என்று அர்ச்சகர் பெருந்தன்மையாகச் சொல்லியும் மணவாளன் ஒப்பவில்லை. "சாமி பேருக்குப் பண்ணா லாபமும் சாமிக்கே போயிடும், நமக்கு சுண்டல்தான்" என்பது அவர் வாதம். எனவே தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி மேலாளரின் நட்சத்திரம் கேட்டேன். சிந்துஜா என்ற பெண் மிக அன்பாக, "நம்ம திட்டத்துக்கு நாலு நட்சத்திரம் சார்" என்றார். மணவாளன் அசுவினியிலிருந்து விரல் விட்டு எண்ணி, நாலாவது ரோகிணி என்று முடிவுகட்டினார். அன்று முதல் ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி, ஹர்ஷிலுக்கு அர்ச்சனை தடையின்றி நடந்தது.

6. என் பக்கத்துக் கஷ்டமும் கொஞ்சமல்ல. பூசைக்கு முன் பெயர் வாசிப்பார்கள். மைக் என்னுடையது, ஆகவே தெரு முனை வரை தெளிவாகக் கேட்கும். "ஹர்ஷில் பட்வாரியா அவர்களின் நலனுக்காக ஒப்புக்கொடுப்பவர் லூர்துநாதன் குடும்பத்தார்." கொஞ்ச நாளில் என் மகள் ஜூலிக்கு வடநாட்டு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாக ஊர் முடிவுசெய்தது. பக்கத்து வீட்டு அந்தோணிமேரி அக்கா என் மனைவி ஜோதி மேரியிடம் வந்து, "ஏன்டி, பையன் ஞானஸ்நானம் வாங்கிக்குவானா, இல்ல நம்ம புள்ளதான் சப்பாத்தி சுட்டுக்கிட்டுக் கெடக்கணுமா?" என்று விசாரித்தார். அன்று ஜோதி மேரி எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றவில்லை. ஜூலி அந்தச் சோற்றையும் போட்டிருக்கக் கூடாது என்றாள்.

7. இதையெல்லாம் தங்கள் மேலாளருக்காகப் பொறுத்துக்கொண்டோம். இந்நிலையில் சென்ற தை மாதம் மணவாளன் செய்தித்தாளில் வேறொரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "மச்சான், நம்ம ஆளு எதிர்க்கடைல உக்காந்துருக்கான்யா. அதே நெத்தி." விசாரித்ததில், திரு. பட்வாரியா ஆடி மாதமே போய்விட்டதும், அதைத் தாங்கள் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலாக அனுப்பியதும் தெரியவந்தது. எங்கள் இருவருக்கும் மின்னஞ்சல் கிடையாது. படிவத்தில் ஜெயப்பிரகாஷ் தன்னுடையதையே எழுதியிருக்கிறார். தங்களிடமிருந்து வருவதெல்லாம் பண்டிகை வாழ்த்து என்று நினைத்து அவர் திறக்கவே இல்லை. ஆக, ஆடியிலிருந்து தை வரை நான் முழங்கால் போட்டதும் மணவாளன் தேங்காய் உடைத்ததும் தங்கள் போட்டி நிறுவனத்துக்காக.

8. அதே மாதங்களில்தான் எங்கள் சேமிப்பும் இறங்கியது. சந்தையே இறங்கியிருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று ஜெயப்பிரகாஷ் சொல்கிறார். மணவாளன் காதில் வாங்கவில்லை. "புது ஆளுக்கு ஒரு கற்பூரம்கூட ஏத்தல. பின்ன எறங்காம?" என்கிறார். நடந்த பூசைகளின் பலனைப் புதியவர் பெயருக்கு மாற்ற வழியுண்டா என்று எங்கள் பங்குத் தந்தை மரிய அருள் அவர்களைக் கேட்டேன். ஒரு திட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத் தங்களிடம் படிவம் இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். "எங்கிட்ட அந்தப் படிவம் இல்ல லூர்து. பலிபீடத்து ஸ்பீக்கர் கரகரன்னுதே, போயி அதப் பாரு" என்றார்.

9. இப்போது மணவாளன் பணம் எடுக்கும் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டார். அது என் ஆம்ப்ளிஃபயர் மேல் கிடக்கிறது. நானும் கையெழுத்துப் போட்டால் நட்டத்தில் வரும் தொகைக்கு ஜெனரேட்டரின் சக்கரம்தான் கிடைக்கும். போடாவிட்டால், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவர் போடும் பந்தலுக்குத் திட்டக்குடியிலிருந்து வேறு மைக் செட் வரும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். ஐயா, என் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே அவர் கம்பம் நட்டால் நான்தான் அதில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். அவர் பந்தலுக்குள் இன்னொருவன் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்வதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முன்பின் தெரியாத தங்களுக்கு எழுத வருகிறது.

சமாதானத்துக்கு அவர் சொன்ன வழி ஒன்றே ஒன்று. "புது ஆளு பேரும் நட்சத்திரமும் கம்பெனி லெட்டர்ல வரட்டும். அப்பறம் எடுக்கற பேச்சே இல்ல."

10. ஆகவே தங்களை வேண்டிக்கேட்டுக்கொள்வது:

(அ) புதிய மேலாளரின் முழுப்பெயர், நட்சத்திரம், ராசி ஆகியவற்றை நிறுவனத்தின் முத்திரையுடன் தெரிவிக்க வேண்டும். அவருக்கே தெரியாது என்றால் அவருடைய அம்மாவிடம் கேட்டுத் தெரிவிக்கலாம்.

(ஆ) இவருக்கும் வேறு இடத்தில் கண் இருக்குமானால், தமிழில், தபாலில், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

(இ) சிந்துஜா மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். இத்தனை பேரில் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

மாசி மகத்துக்குள் தங்கள் பதில் கிடைத்தால் ஒரு பந்தலும் ஒரு மைக் செட்டும் பிரியாமல் இருக்கும். அதுவரை அந்தப் படிவத்தின் பக்கம் பேனாவைக் கொண்டுபோக மாட்டேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
(ஒப்பம்) அ. லூர்துநாதன்

இடம்: கடலூர் முதுநகர்
நாள்: 17.02.2025

பின்குறிப்பு: இம்மனுவைத் தட்டச்சு செய்துகொடுத்த ஜெயப்பிரகாஷ், கேட்காமலே ஒரு தகவலும் கொடுத்தார். ஆடி முதல் தை வரை, எங்கள் பூசையும் அர்ச்சனையும் போய்ச் சேர்ந்த திரு. பட்வாரியாவின் புதிய திட்டம், யாரும் எதுவும் வேண்டிக்கொள்ளாத தங்கள் திட்டத்தைப் போல இரண்டு மடங்கு இறங்கியிருக்கிறதாம்.