நாற்பது டிகிரிக்கு முன்னால் வா

மில்டூரா, ஆஸ்திரேலியா,
நவம்பர் 9.

அன்பு மகள் லோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீயும் அந்த ஹோபார்ட் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் மற்றவர்களின் வேலையையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

திராட்சை இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் வெயிலும் சீக்கிரமே தொடங்கிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் நாற்பதைத் தொட்டுவிடும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து தேதியை எண்ணிக்கொண்டிருக்கிறேன். முதல் நாற்பது டிகிரி நாள் என்றால் நம் வீட்டில் என்ன நாள் என்று உனக்குத் தெரியும். டாரியோவின் டர்போ காருக்குக் கோடை டியூன் போடும் நாள்.

உன் தம்பி இருந்தவரை எனக்கு அதெல்லாம் பைத்தியக்காரத்தனம். "கார் என்ன கைக்குழந்தையா, குளிருக்கு ஒண்ணு வெயிலுக்கு ஒண்ணுன்னு சட்டை மாத்த?" என்று கேட்பேன். அவன் சலிக்காமல் சொல்வான். குளிர்காற்று கனமாக இருக்கும், டர்போ அதை அள்ளித் திணிக்கும், அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்ட வேண்டுமாம். கோடையில் காற்று கொதித்துக்கொண்டு உள்ளே போகும், பெட்ரோல் தன் முறைக்குக் காத்திராமல் தானே பற்றிக்கொள்ளும், அதனால் அதைப் பற்றவைக்கும் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டுமாம். இல்லாவிட்டால் எஞ்சின் உடைந்து ரோட்டில் கொட்டிவிடுமாம். போன வருஷக் கணக்கையே போட்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "போன வருச வெயில் வேற, இந்த வருச வெயில் வேறம்மா" என்றான்.

அந்த வேலையைத் தனி ஆளாகச் செய்ய முடியாது என்பதுதான் நான் புரிந்துகொண்ட ஒன்று. அப்பா ஓட்டுவார். அவன் பக்கத்தில் மடியில் லேப்டாப், காதில் ஹெட்போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எஞ்சினில் கவ்வவைத்த மைக் வழியாக, உள்ளே பெட்ரோல் தானே பற்றித் தட்டுகிற சத்தம் அவன் காதுக்கு வரும். தட்டியதும் "விடுப்பா" என்பான், அப்பா மிதியிலிருந்து காலை எடுப்பார். அவன் லேப்டாப்பில் கணக்கை மாற்றுவான், மறுபடி ஓடுவார்கள். அந்த வேகத்தில் ஒருவரே ரோட்டையும் பார்த்து எஞ்சினையும் கேட்க முடியுமா, நீயே சொல்.

ஜனவரியில் ஆறு அவனை இழுத்துக்கொண்டுபோன பிறகு, கார் கொட்டகையிலேயே கிடக்கும் என்று நினைத்தேன். அடக்கம் முடிந்த வாரமே நீ கிளம்பிவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும் எங்காவது ஓடிவிடத் தோன்றியது. மே மாதத்தில் குளிர் தொடங்கி முதல் உறைபனி விழுந்த காலையில் அப்பா கொட்டகைக் கதவைத் திறந்தார். பெட்ரோல் போடப் போன இடத்தில் பங்க் வால்டர், அவன் வாய்தான் உனக்குத் தெரியுமே, "என்ன சில்வானோ, குளிர் வந்துடுச்சு, வண்டிக்கு ஸ்வெட்டர் மாட்டியாச்சா?" என்று கேட்டிருக்கிறான். "மாட்டத்தான் ரெண்டு பேரும் போறோம்" என்றாராம் அப்பா. பிறகு வால்டரே வந்து என்னிடம் சொன்னான். "வண்டியில அவரு ஒருத்தர்தான் இருந்தாரு இனெஸ். எனக்குச் சிரிக்கவும் தோணல" என்றான்.

அன்று மதியம் சூப் குடித்துக்கொண்டே அப்பா, "மூணாவது கியர்ல லேசா தட்டுச்சு. கொஞ்சம் குறைச்சோம். இப்ப வெண்ணெயா வழுக்கிட்டு ஓடுது" என்றார். தட்டியதை யார் கேட்டது என்றேன். அவர் என்னை ஏதோ அறிவில்லாதவளைப் போலப் பார்த்தார். "ஹெட்போன் யார்கிட்ட இருக்கு? அவன்தானே கேட்டுச் சொல்லணும்" என்றார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் லோரி, நாலு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் உயிர் இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன். குளிர்காலம் முழுக்க அந்தக் கார் ஒரு கோளாறும் இல்லாமல் ஓடியது.

இப்போது கோடை வருகிறது. டவுனில் உருளை மேல் காரை ஏற்றி நிற்க வைத்தே டியூன் போடும் கடை இருக்கிறதே, அங்கே கொடுத்துவிடலாம் என்று நயமாகச் சொல்லிப் பார்த்தேன். "வேற ஒருத்தன் கை பட்டா டாரியோ போட்டு வச்சதெல்லாம் அழிஞ்சிடும். நாங்க பாத்துக்கறோம், நீ பேசாம இரு" என்றார். எனக்குக் கோபம் வந்து, நானும் வருகிறேன் என்று போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு காரில் ஏறப் போனேன். நாற்பதுக்கு முன் சும்மா ஒரு வெள்ளோட்டம் என்றுதான் எடுத்தார். நான் முன்கதவைத் திறந்ததும், "அங்க இல்ல இனெஸ். பின்னாடி உக்காரு. அவன் காலை நீட்டி உக்காரணும்" என்றார். உன் அம்மா பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். என்னை எதிர்த்துப் பேச விடாத ஏதோ ஒன்று அந்தக் குரலில் இருந்தது.

முன் இருக்கையில் லேப்டாப் திறந்து கிடந்தது, மேலே ஹெட்போன். கோதுமை வயல் பக்கத்து நேர் ரோட்டில் அவர் முழு மிதி மிதித்தார். "எப்படிடா இருக்கு?" என்றார். அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், லோரி. ரோட்டைப் பார்க்கவில்லை. எதிரே தானிய லாரி வந்தது, லாரிக்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான், நான் கத்தினேன். அப்பா அப்போதுதான் தலையை ஆட்டி, காலை எடுத்து, ஒதுங்கினார். லாரிக்காகக் காலை எடுத்ததாக அவர் நினைக்கவில்லை, டாரியோ "விடுப்பா" என்றதற்காகத்தான் எடுத்தாராம். கார் ஓரமாக நின்றது. "எதுக்குக் கத்துற? அவன் சொல்லிட்டுத்தானே இருந்தான்" என்றார்.

லேப்டாப்பில் கணக்கை மாற்றிவிட்டு, அவர் பானெட்டைத் திறந்து மைக்கைப் பார்க்க இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் முன்பக்கம் எட்டி அந்த ஹெட்போனைக் கையில் எடுத்தேன். காதில் வைத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா? வைக்கவில்லை. அவன் குரல் கேட்டால் என்ன செய்வேன் என்று பயம். கேட்காமல் போனால் என்ன செய்வேன் என்று அதைவிடப் பயம். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். காது படும் பஞ்சு வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும்.

அதனால்தான் உன்னைக் கூப்பிடுகிறேன். குளிர்காலத்தில் தப்பித்தோம், நாற்பது டிகிரியில் அந்த எஞ்சின் மன்னிக்காது. எஞ்சின் போனால் போகட்டும். உன் அப்பா இன்னொரு முறை அந்த இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால், நான் அவரையும் புதைக்க வேண்டியிருக்கும். டாரியோ உனக்கும் அந்தச் சத்தத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அக்காவுக்குப் பாம்புக் காது என்று சொல்வான். நீ பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னால் அப்பா ரோட்டைப் பார்ப்பார். இந்த வீட்டுக்குள் நுழைய உன்னால் முடியவில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்குள் வர வேண்டாம், அவன் அறைப் பக்கம் போக வேண்டாம். கொட்டகை வரைக்கும் வா, போதும்.

அப்பா உன்னையும் பின்னால் உட்காரச் சொல்வார். அசையாதே. முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நில். உனக்காக என்றால் அவன் எழுந்துவிடுவான், பஸ்ஸிலும் கோயிலிலும் உனக்கு இடம் கொடுத்துவிட்டு நின்றே வந்த பிள்ளை. அப்படி எழுந்து அவன் எங்கே போவான் என்று மட்டும் என்னிடம் கேட்டுவிடாதே, மகளே.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா இனெஸ்