நீ சொல்ல வந்த பாஸ்வேர்ட்

இன்று காலை முந்தானையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உன் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோகிளேவ் கதவை அப்போதுதான் திறந்திருந்தார்கள். அறை முழுக்க வெந்த துணி வாசனை. அந்த வாசனை வந்தாலே நீ மூக்கைச் சுளித்து, இன்றைக்கு இட்லி யார் வீட்டுக்கு என்று கேட்பாய். இப்போது யாரும் கேட்பதில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகியும் அது உன் பெட்டிதான். சோப்பு டப்பா அளவு இருந்துகொண்டு என்ன அதிகாரம் செய்கிறது தெரியுமா? காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியை அவிக்கிற அந்த ஆட்டோகிளேவ் மெஷின், நிமிடத்துக்கு ஒரு வரியாக வெப்பத்தையும் அழுத்தத்தையும் பழைய சீரியல் வயரில் அனுப்பும். அதை வாங்கி, நெட்வொர்க் வழியாக என் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது இந்தப் பெட்டி. அந்தப் பதிவு இல்லாமல் ஒரு பண்டல்கூட ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. பதிவைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. பெட்டியைக் கட்டி மேய்த்தது நீ.

போன வாரம் கம்பெனியில் ரவுட்டரை மாற்றினார்கள். புதியதற்கு நெட்வொர்க் எண் வரிசை வேறு. உன் பெட்டி மட்டும் நீ கொடுத்த பழைய எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது; பதிவு எதுவும் என் கம்ப்யூட்டருக்கு வருவதில்லை. அதை மாற்ற உள்ளே போக வேண்டும், உள்ளே போகப் பாஸ்வேர்ட் வேண்டும். உன் மகள் பெயர், உன் பிறந்த நாள், நாம் ஏறும் பஸ்ஸின் நம்பர், ஆண்டாள், ஆடிப்பூரம் என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. ஐந்து நாளாகப் பண்டல்கள் சுவரை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போன். என்னைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் ஆச்சா என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்?

தெரிந்துகொண்டிருக்கலாம். பெட்டியை மாட்டிய அன்று சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பஸ்ஸில் நீ எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாய்.

"மெஷினும் பெட்டியும் ஒரே வேகத்துல பேசணும்ட்டி. மாறிப்போச்சுன்னா வெறும் உளறலாத்தான் வரும். அதான் செட்டிங்கு."

எந்த வேகம் என்றும் சொன்னாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, நீ இருக்கும்போது எனக்கெதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்றேன். அதற்கு நீ சிரித்தது நினைவிருக்கிறது. எண் நினைவில்லை.

கடைசியாக உன்னை ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கை முழுக்க ஊசி. உன்னால் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. என் பையிலிருந்து பேனாவை எடுக்கச் சொன்னாய்.

"பாஸ்வேர்டைச் சொல்லுதேன், எழுதிக்கோ. பொறவு கெடந்து தவிப்பே."

பேனாவைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

"நீயே வந்து போட்டுக்கிடு. அம்புட்டுலாம் எனக்கு ஞாபகம் நிக்காது."

நீ மூடிய பேனாவைப் பார்த்தாய். பிறகு, சரி, வாரேன் என்றாய்.

பெட்டி விற்றவர்களின் ஆள் இன்று போனில் வந்தான். பாஸ்வேர்ட் இல்லையென்றால் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்திப் பிடிக்க வேண்டுமாம்; நீ போட்டு வைத்ததெல்லாம் அழிந்துபோகுமாம். வேறு வழியே இல்லையா என்று மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறை அவனுக்கே சங்கடமாகிவிட்டது. முந்தானைப் பின்னை விட்டு அழுத்தினேன். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தன.

அவன் சொல்லச் சொல்லப் புது எண்ணைக் கொடுத்தேன். மெஷின் என்ன வேகத்தில் பேசுகிறது என்று கேட்டான். அந்தக் கேள்விக்குப் பதில் பஸ் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. வரிசையில் இருந்த வேகங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, அடுத்த வரிக்காக ஒரு நிமிடம் காத்திருந்தேன். கட்டம், கேள்விக்குறி, தலைகீழ் எழுத்து. மறுபடியும் உளறல். நாலாவது தடவை திரையில் 121 டிகிரி என்று சுத்தமாக வந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று பேனாவை ஏன் மூடினேன் என்று உன்னிடம் சொல்லவே இல்லை. பாஸ்வேர்ட் உன்னிடம் மட்டும் இருந்தால், அதற்காகவாவது நீ எழுந்து வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். உன்னைப் பிடித்து நிறுத்த வேறு எதுவும் என் கையில் இல்லை. அதையும் இன்று நானே அழித்துவிட்டேன். இனி அந்தப் பெட்டிக்கு நீ வரத் தேவையில்லை.

புதுப் பாஸ்வேர்டை நோட்டில் எழுதிப் பக்கத்து மேசைக்காரியிடம் காட்டிவிட்டேன். மெஷின் தனக்குள் சேர்த்து வைத்திருந்த ஐந்து நாள் பதிவும் வந்து சேர்ந்தது; கையெழுத்துப் போட்டேன், மதியத்துக்குள் பண்டல்கள் லாரி ஏறின. சாயங்காலம் பஸ்ஸில் உன் சீட்டில் பையை வைத்துக்கொண்டு, கண்டக்டர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் எடுத்தேன். அந்தப் பேனா இன்னும் அதே பையில்தான் கிடக்கிறது. அதை எடுத்துத்தான் இதை எழுதுகிறேன். மூடியைக் கழற்றியாகிவிட்டது. இப்பச் சொல்லுட்டி, எழுதிக்கிடுதேன்.