கராம்பு மணக்கும் பேனை

அண்ணை,

இன்று காலை என் மேசையில் இருந்த கண்ணாடிக் குவளையிலிருந்து கராம்பு மணந்தது. உள்ளே தண்ணீரும் ஒரு மண்ணிறப் பேனையின் நிப்பும்தான் இருந்தன. நிப்பின் பிளவிலிருந்து நீல மை நூல்போல இறங்கிக்கொண்டிருந்தது. இதே நிப்பை ஆறு தடவை ஊறவைத்துக் கழுவிவிட்டேன். மூன்று தடவைக்கு மேல் எந்தப் பழைய பேனையிலும் மை மிஞ்சாது என்று சொன்னவர் நீங்கள்.

மையில் பூஞ்சணம் பிடியாமல் போத்தலுக்குள் இரண்டு கராம்பு போட்டு வைப்பவர், நான் அறிந்தவரையில், நீங்கள் ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் மருந்து கலந்த கை அல்லவா.

ஞாயிறு ஆராதனை முடிந்து நீங்கள் வந்ததும் உங்கள் மானிப்பாய் வீட்டு விறாந்தையில் மூவரும் கூடுவோம். நீங்கள், நான், வட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வரும், ஒரு காலத்தில் காணி அளந்த சேவையர். ஒருவர் ஒரு பழைய பேனையைத் துணியில் சுற்றிக் கொண்டுவர, மற்ற இருவரும் அது என்ன பேனை, எந்தக் காலத்தது என்று சொல்லவேண்டும். நான் மூடியின் வளையத்தைப் பார்ப்பேன். உடலைப் பெருவிரலால் தேய்த்து முகர்வேன். பழைய கடின இறப்பர் என்றால் கந்தகம் மணக்கும். நீங்களோ உருப்பெருக்கியை நிப்பில் வைத்தால் எடுக்கமாட்டீர்கள்.

“மாஸ்ரர், நீர் சட்டையைப் பாத்து ஆளைச் சொல்லுறீர். உடம்பு ஒண்டு, நிப் வேறை எண்டால் என்ன செய்வீர்?” என்பீர்கள்.

“அவர் பள்ளிக்கூடத்திலையும் உப்பிடித்தான். ஆளை விட்டிட்டுச் சட்டைக்கு அடிச்சிருப்பார்,” என்பார் சேவையர்.

ஒருவருடைய செருப்பின் குதியைப் பார்த்தால் அவர் எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பவர் என்று தெரியும். நிப்பும் அப்படித்தான், எழுதுகிறவரின் கைக்கு ஏற்பத் தேயும். நீங்கள் இடக்கைக்காரர். உங்கள் நிப் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தது. எழுத்துகளெல்லாம் காற்றில் சாய்ந்த வேலிபோல இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

ஒருநாள் தேநீர் குடித்தபடி கேட்டீர்கள். “நான் போனால் என்ரை பேனையை என்ரை பொக்கற்றிலை வைச்சு விடும். மற்றதெல்லாத்தையும் ஆரும் எடுக்கட்டும்.”

“ஏன், அங்கை போய் ஆருக்கு எழுதப் போறியள்?”

“அதுக்கில்லை. வேறை ஆரும் அதாலை எழுதினால் என்ரை எழுத்துத்தான் வரும். பாவம், என்னத்துக்கு?”

சிரித்தோம். நானும் ஓம் என்றேன்.

நீங்கள் போன அன்று உங்கள் மனைவி, எங்கள் அக்கா, உங்கள் பேனைத் தட்டைக் கொண்டுவந்து, “அவற்றை பேனை எதெண்டு உங்களுக்குத்தானே தெரியும், மாஸ்ரர்,” என்றார். கறுப்பு உடல், மூடியில் வெள்ளி வளையம்: வருடக்கணக்காக உங்கள் பொக்கற்றில் நான் கண்ட பேனை. ஒரு கணமும் யோசிக்காமல் எடுத்தேன். என் கையாலேயே உங்கள் பொக்கற்றில் செருகினேன். பிறகு பெட்டியை மூடினார்கள்.

ஒரு மாதம் கழித்து அக்கா அந்தத் தட்டை என்னிடம் தந்தார். ஒவ்வொன்றும் என்ன பேனை என்று துண்டு எழுதி வைத்தால் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார். மண்ணிறப் பேனை ஒன்றை வழக்கம்போல் தண்ணீரில் வைத்தேன். கராம்பு மணந்தது. உருப்பெருக்கியை எடுத்தேன். அந்தச் சரிவு. கடைசி மாதங்களில் நீங்கள் யாருக்கும் சொல்லாமல் உங்கள் நிப்பை இந்த மண்ணிற உடலுக்கு மாற்றியிருக்கிறீர்கள். மண்ணுக்குள் உங்களோடு கிடப்பது வெறும் சட்டை.

அக்காவிடம் சொல்லாமல் விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். துண்டுகளை அந்த நிப்பாலேயே எழுதினேன். ஏன் என்று கேட்காதீர்கள், கை தானாக அதற்குப் போயிற்று. அவற்றைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அக்கா முதல் துண்டைப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்திருந்த எழுத்துகளை விரலால் தடவினார்.

“இதை அவர் எப்ப எழுதினவர்?”

“நான்தான் அக்கா எழுதினது.” சொல்லிவிட்டு, மிச்சத்தையும் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் துண்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். “அப்ப அவர் கேட்ட அந்த ஒண்டும் இல்லாமலே போயிட்டார்.” மண்ணிறப் பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: “இனிப் பெட்டியைத் திறக்க ஏலாது. நீங்களே வைச்சிருங்கோ, மாஸ்ரர். ஆனால் எனக்கு ஒண்டும் எழுதி அனுப்பாதேங்கோ.”

அன்று முதல் அந்தப் பேனையால் நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. கழுவித் துடைத்து அலுமாரியில் வைப்பதற்குத்தான் எத்தனையோ முறை பார்க்கிறேன். மை வருவது நிற்கிறதில்லை.

சேவையரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நான் போகும்போது அதை என் பொக்கற்றில் வைக்கவேண்டும், சட்டையைப் பாராமல் நிப்பைப் பார்த்து எடுக்கவேண்டும் என்று. உங்களுக்குச் சேரவேண்டியதை நானே கொண்டுவருவேன்.

இந்த மடலை என் சொந்தப் பேனையால்தான் எழுதுகிறேன், அண்ணை. முப்பது வருடம் கரும்பலகையில் நேராக எழுதிய கை இது. இப்போது முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

எழுத்துகளெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன.