பேனரில் இருக்கிற பெண்

நகரி,
கார்த்திகை 10

திலீப்புக்கு உன் நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், குவைத்தில் நீயும் சுகமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன். உன் தங்கை தரணி சுகமாக இல்லை. அவளைச் சோறு தின்னவிடாமல் செய்தவன் நீ. போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய், வாய்ஸ் மெசேஜ் போட்டால் வேகமாக ஓட்டிக் கேட்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசி வரிவரை படி.

ஆடியில் திருச்சானூர்த் தாயாருக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்று ஆரம்பித்தாள். பிறகு திருத்தணி முருகனுக்குச் செவ்வாய். புரட்டாசியில் பெருமாளுக்குச் சனி, ஊரே புரட்டாசியோடு முடித்தது, இவள் முடிக்கவில்லை. கார்த்திகை பிறந்ததும் திங்களும் சேர்ந்துகொண்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இத்தனை பக்தியா என்று உன் அம்மா தெருவெல்லாம் பெருமை பேசினாள். நான் கேட்டதற்கு, "சாமிக்கு இருக்கிற பொண்ண இன்னா கேள்வி கேக்கற, நீ துன்னுட்டுப் போய்ப் படு" என்றாள். எனக்கு அப்போதே சந்தேகம். முப்பது வருடமாகக் கிருத்திகை விரதம் இருப்பவன் நான். விரதம் இருந்தவனுக்கு விளக்கு வைத்ததும் கண் இலையைத் தேடும். இவளுக்கு விளக்கு வைத்ததும் தலைவலி வரும், படுத்துக்கொள்வாள். முடிக்கிற நேரமே இல்லாத விரதம் எந்தச் சாமிக்கு?

போன வெள்ளி திருச்சானூருக்கு அழைத்துப் போனேன். தரிசனம் முடிந்து தொன்னையில் பொங்கல் கொடுத்தார்கள். "அப்புறம் துன்றேன் நைனா" என்றாள். செருப்பு எடுக்கப் போவதுபோல் நகர்ந்து கடை மறைவில் நின்று பார்த்தேன். பொங்கலை ஒரு மாட்டுக்கு வைத்துவிட்டு, விரலில் ஒட்டின நெய்யைக்கூடக் கைக்குட்டையால் துடைத்தாள். தாயாருக்கு விரதம் இருக்கிறவள் தாயார் பிரசாதத்தைத் தள்ளுவாளா? திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் என் தோளிலேயே மயங்கிவிட்டாள். அப்படியே திருப்பதியில் ஒரு லேடி டாக்டரிடம் தூக்கிப் போனேன். மூன்று மாதமாக அவள் வீட்டுக்கு விலக்காகவில்லை என்று உன் அம்மா அப்போதுதான் போனில் சொல்கிறாள். விரத காலத்தில் அதுவும் நல்லதற்குத்தான் என்று இருந்துவிட்டாளாம். ரத்தம் குறைவு, இப்படியே விட்டால் இதயத்தையும் பிடிக்கும் என்றார் டாக்டர்.

முதலில் அவள் தோழிகள்மேல் சந்தேகப்பட்டேன், பிறகு அவள் போனில் இடுப்பை ஆட்டும் பெண்கள்மேல். அவர்களையும் நான் இன்னும் விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மழையில் தறிக்கொட்டகைக்குப் போனபோது வேறொன்றைப் பார்த்தேன். வைகாசியில் அவள் தாவணி விழாவுக்கு நீ அடிக்கச் சொன்ன பேனரைத்தான் ஒழுகாமல் இருக்க மேலே கட்டியிருக்கிறேன், படம் உள்பக்கம் தெரியும். தரணி அதன் கீழே நின்று, தன் கையைத் தூக்கிப் படத்தில் இருக்கும் கையோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணியின் அகலத்தைக் கண்ணாலேயே சொல்கிறவன் நான், ஆறு மாதமாக இதைக் கவனிக்கவில்லை. பேனர் ஜோராக இருக்கிறது என்று விழாவில் சொன்னவனும் நான்தான். முகம் என் மகளுடையது. கையும் இடுப்பும் அவளுடையவை அல்ல.

மறுநாளே புத்தூர் போய் போட்டோக்காரன் வேங்கடாசலத்தைப் பிடித்தேன். "என்னை ஏன் சார் திட்றீங்க, உங்க புள்ள சொன்னதத்தான செஞ்சேன்" என்று போனைத் தேடிப் போட்டுக் காட்டினான். உன் குரல். "கைய கொஞ்சம் கம்மி பண்ணுண்ணா, இடுப்ப உள்ள புடி, தண்ணி டேங்க் மாதிரி கீது, இங்க ஃபிரண்ட்ஸெல்லாம் பாப்பாங்க." பிறகு உன் சிரிப்பு. படம் பொறுக்கப் போன அன்று தரணியும் பக்கத்தில் நின்று கேட்டாளாம். "பாப்பாவும் சிரிச்சுது சார்" என்கிறான். வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். "அண்ணன் பொங்கலுக்கு வர்றதுக்குள்ள அந்தப் படம் மாதிரி ஆயிட்டா போதும் நைனா, அப்புறம் துன்றேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நீ எழுதுவாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் உன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், நீ சொன்னதெல்லாம் அவளுக்கு வேதம், அது உனக்கும் தெரியும்.

பேனரை நான் அவிழ்த்துவிட்டேன், கொட்டகை ஒழுகினால் ஒழுகட்டும். அவளை டாக்டரிடம் தவறாமல் அழைத்துப் போவதும் என் வேலை. உன் அம்மா இனி பக்தி என்று பேசக் கூடாது, மூன்று வேளையும் அவளோடு உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும், எத்தனை இட்லி என்று எண்ணக் கூடாது, இது டாக்டர் சொன்னது. வேங்கடாசலம் கை வைக்காத படங்களை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவந்து தர வேண்டும். உனக்குத் திருத்தணி முருகன் நீண்ட ஆயுளும் அதோடு கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். எப்போதும் வாங்கிவரும் பேரீச்சம்பழத்தை மறந்துவிடாதே. இது கைக்கு வந்த அன்றே அவளைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு என்று உன் வாயால் சொல், சிரிக்காமல் சொல். பொங்கலுக்கு நீ வந்து இறங்கும்போது வாசலில் நிற்பாள். உன் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள். இளைத்துவிட்டாய் என்றும் சொல்லாதே, அழகாகிவிட்டாய் என்றும் சொல்லாதே. முகத்தைப் பார்த்து, துன்னியா என்று கேள்.

உன் நைனா,
நாகேந்திரன்