கயிறு வெட்ட ஒரு கத்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்களுக்குக் கத்தி வாங்கிய கதையை இந்தக் கடிதத்தில் நடந்தது நடந்தபடியே எழுதப்போகிறேன். எதையும் கூட்டமாட்டேன், எதையும் மறைக்கமாட்டேன். போனில் என்றால் நீங்கள் "சாப்டியா, படிச்சியா" என்பீர்கள், நான் "ம்" என்பேன், அதற்குள் லைன் போய்விடும். உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் மாமா விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறார். கத்தியோடு இதையும் அவர் பெட்டியில் வைத்துவிடுவோம்.

நீங்கள் அனுப்பிய குரல் செய்தியைப் பலமுறை கேட்டோம். "கடல்ல மீன் வளக்குற கூண்டுல கயிறும் வலையும் வெட்ட ஒரு கத்தி வேணும். உப்புத்தண்ணில துருப்பிடிக்கக் கூடாது. ஒரு பதினஞ்சு வருஷம் உழைக்கிற மாதிரி பாத்து வாங்குங்க." பின்னால் ஒரே காற்று. முடிவில் யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

என் பொதுத்தேர்வுக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனீர்கள். அப்புறம் எதற்குப் பதினைந்து வருஷம் என்று அம்மாவிடம் கேட்டேன். "கத்தி உழைக்கிறதச் சொல்றாருடி. பெரிய வக்கீலு! போய்த் தலையப் பின்னு, கடையை மூடிடுவாங்க" என்றாள்.

கடைக்குப் போவதற்கு முன்னாலேயே நான் பள்ளி நூலகத்தில் உலோகங்களைப் பற்றிய புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்திருந்தேன். யாரும் தொடாததால் அதன் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கடினமான எஃகில் கூர் நெடுநாள் நிற்குமாம். ஆனால் திருகினாலோ நெம்பினாலோ விளிம்பு பொடிந்துவிடும். இன்னொரு வகை வளைந்து கொடுக்கும், பொடியாது. அதில் கூர் சீக்கிரம் மழுங்கும். குரோமியம் போதிய அளவு சேர்ந்தால் துரு எளிதில் அண்டாது. எல்லா நல்ல குணமும் ஒரே எஃகில் கிடையாதாம். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும்.

கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. பூட்டு, கத்தரிக்கோல், கத்தி எல்லாம் கண்ணாடி அலமாரியில் படுத்திருக்கின்றன. கடைக்கார அக்கா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். மூன்று கத்திகளை ரப்பர் விரிப்பில் எடுத்து வைத்ததும், இதில் கார்பன் எத்தனை சதவீதம், குரோமியம் எத்தனை என்று நான் ஆரம்பித்துவிட்டேன். "ஏம்மா, உங்க பொண்ணு கத்தி வாங்க வந்துச்சா, என்னை ஃபெயிலாக்க வந்துச்சா?" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகிவிட்டது, அப்பா.

பிறகு அந்த அக்கா கேட்க ஆரம்பித்தார். ஈரக் கயிறா, காய்ந்த கயிறா? அதில் மணல், சிப்பி ஒட்டியிருக்குமா? கையுறை போட்டுக்கொண்டு வெட்டுவாரா, வெறுங்கையா? ராத்திரி கத்தியைத் துடைத்து வைக்க அவருக்கு ஒரு இடம் இருக்கிறதா? எங்களுக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கையுறை என்றதும் அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். "வீட்டுக்காரருக்குத்தானே வாங்குறீங்க?" என்று அக்கா கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். "தூரத்துல இருக்காரு" என்றாள் அம்மா.

கத்தியை வைத்து எதையாவது நெம்புவாரா என்று கேட்டபோதுதான் அம்மாவுக்கு உயிர் வந்தது. "நெம்புவாரு! பெயிண்ட் டப்பாவையே என் கத்தியிலதான் தெறப்பாரு. சொன்னா கேக்கற மனுஷனா?" அவ்வளவு பெருமையாக அம்மா உங்களைத் திட்டி நான் பார்த்ததில்லை.

மூன்றில் ஒன்று கார்பன் எஃகு. உப்புத் தண்ணீரில் அது ஒரே ராத்திரியில் சிவந்துவிடும் என்று அக்கா தள்ளி வைத்தார். மிச்சம் இரண்டும் துருவுக்கு அசையாதவை. "இது கடின ரகம். கூரு லேசுல போகாது. பதினஞ்சு வருஷம் கேட்டாலும் உழைக்கும். ஆனா நெம்பினா விளிம்பு தெறிச்சிடும். இன்னொண்ணு மெத்து ரகம். முரட்டுத்தனமா அடிச்சாலும் ஒடையாது. தினம் சாயங்காலம் கல்லுல தீட்டணும், தீட்டத் தீட்டத் தேஞ்சுபோகும். இந்த வேலைக்கு ஒரு வருஷம் வந்தாப் பெருசு. உங்களுக்கு எத்தனை நாளைக்கு வேணும்?"

நான் பதினைந்து வருஷம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். "அவ்ளோ நாள் வேண்டாங்க. அவரு வந்துடுவாரு" என்று சொல்லி மெத்து ரகத்தை எடுத்துக்கொண்டாள்.

நெம்புகிற கைக்கு அதுதான் சரி என்று புத்தகமும் சொல்கிறது. ஆனால் அம்மா புத்தகத்தைப் பார்த்து வாங்கவில்லை.

அளவு காட்டுவதற்காக நம் சமையலறைக் கத்தியையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போயிருந்தோம். அக்கா அதன் விளிம்பில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்னத்த வெட்டுறீங்க, தயிரா?" என்றார். இப்போதே தீட்டித் தருகிறேன், காசு வேண்டாம் என்றும் சொன்னார். "இருக்கட்டும், வீட்ல தீட்ட ஆளிருக்கு" என்று அம்மா அதை மறுபடியும் தாளில் சுற்றிவிட்டாள். நம் வீட்டில் கத்தி தீட்டுகிற ஆள் நீங்கள் மட்டும்தான். நீங்கள் போனதிலிருந்து நாங்கள் தக்காளியை வெட்டவில்லை, நசுக்குகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். தினமும் தீட்ட வேண்டுமே என்று, ஜன்னல் ஓரத்தில் இருந்த உங்கள் தீட்டுக்கல்லையும் சேர்த்து வைத்தேன். நடுவில் குழிந்திருக்குமே, அந்தக் கல். அம்மா வந்து பார்த்தாள். கல்லை வெளியே எடுத்து, ஏற்கெனவே இருந்த தடத்தின் மேலேயே சரியாக வைத்தாள். "அது இங்கதான் இருக்கும்" என்றாள்.

மறைக்கமாட்டேன் என்று எழுதிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று சாயங்காலம் அம்மா உங்கள் குரல் செய்தியை மறுபடியும் கேட்டாள். "துருப்பிடிக்கக் கூடாது" வரைக்கும் கேட்டுவிட்டு நிறுத்தினாள். திரும்ப முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினாள். நான் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பா, கையுறை போடுகிறீர்களா? கயிற்றில் சிப்பி ஒட்டியிருக்குமா? எங்கே படுத்துக்கொள்கிறீர்கள்? அடுத்த முறை யாராவது கேட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுதுங்கள். கத்தியைத் தினமும் நன்றாகத் தீட்டுங்கள், தேய்ந்தால் தேயட்டும். தீட்டுவதற்கு அங்கேயே ஒரு கல் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிதாக வேண்டாம். வரும்போது அங்கேயே விட்டுவிட்டு வரக்கூடிய கல்லாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் கைக்கு ஒரு கீறலும் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உங்கள் மகள்.

பின்குறிப்பு: அம்மாவும் ஏதாவது எழுதட்டும் என்று கீழே இடம் விட்டுக் கொடுத்தேன். பேனாவை வாங்கினாள், கொஞ்ச நேரம் வைத்திருந்தாள், பிறகு மூடிபோட்டுத் திருப்பிக் கொடுத்தாள். சமையலறை விளக்கை அணைத்தாள். இப்போது கூடத்து விளக்கையும் அணைத்துவிட்டாள், தெருவிளக்கு வெளிச்சத்தில் முடிக்கிறேன்.