குன்னூரில் சொன்ன யெஸ் சார்

சேரம்பாடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கலைமதி அப்பாவுக்கு,

நானும் கலைமதியும் இங்கே சுகம். மஸ்கட்டில் உங்கள் இருமல் நின்றதா? பக்கத்து லைன் வீட்டு தினேஷ்குமார் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே கிளம்புகிறான். அவன் கையில் மிளகுப் பொடியும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே சொல்லி முடித்துவிடுகிறீர்கள்.

மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது, கூடவே அட்டையும் வருகிறது. போன வாரம் யானை வந்து கீழ் லைன் வாழையைத் தின்றுவிட்டுப் போனது. நம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ராஜப்ரியா டீச்சர் சாயங்காலம் நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்கு நான் ஆறு மாதமாகப் போவது உங்களுக்குத் தெரியும். தெரிந்த இங்கிலீஷ் சொல்லையெல்லாம் சொல்லுங்க என்று முதல் நாள் கேட்டார். ஃபீல்டு, ஃபேக்டரி, லீவு, சூப்பர்வைசர் என்று நாங்கள் அடுக்கியதில் போர்டே நிறைந்துவிட்டது. சொல்லுக்குக் குறைச்சல் இல்ல, கோத்துப் பேசத்தான் பழகணும் என்று சிரித்தார். அன்றிலிருந்து கொழுந்து பறிக்கும்போதும் இஸ், வாஸ், வில் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பறிக்கிறேன். துரைசாணி அம்மாவுக்குக் கூடை எதுக்கு என்று மற்றவர்களுக்கு ஒரே கேலி. கலைமதி வீட்டில் என்னைத் திருத்துகிறாள். அவளுக்கு வாத்தியார் கோபம் நன்றாக வருகிறது.

இப்போது குன்னூர் விஷயம். டூரிஸ்டுகளுக்குத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்டும் வேலைக்கு இன்டர்வியூ போனேன். மூன்று பேர் உட்கார்ந்து இங்கிலீஷிலேயே கேட்டார்கள். பெயர் கேட்டார்கள், எந்த இலையைக் கிள்ளுவது என்று கேட்டார்கள், தட்டுத் தடுமாறிச் சொன்னேன். கடைசியில் கேட்டதற்கு மட்டும் யெஸ் சார் என்றேன். எஸ்டேட் வேலையை விட்டுவிட்டுக் குன்னூர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவர வேண்டும், சம்மதமா என்பதுதான் அந்தக் கேள்வி. வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி சேர வேண்டும். எஸ்டேட்டில் என் பெயரை அடித்துவிட்டால் ஒரு மாதத்தில் எஸ்டேட் கொடுத்த இந்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

செய்தி தெரிந்ததும் லைனே சிரித்தது. சிரிக்க மாட்டார்களா? ஃபீல்டு ஆபீசர் என்ன கேட்டாலும் யெஸ் சார் என்றுவிட்டு, அவர் போன பிறகு, என்னடி கேட்டாரு என்று பக்கத்தில் நிற்பவளிடம் விசாரிக்கிறவர்கள்தானே நாம். மூக்கன் கங்காணி நல்ல மனுஷன். நான் கூட வாறேன் தாயி, புரியாம தலையாட்டிட்டேன்னு சொல்லிருவோம், ஊடு தப்பிச்சிரும் என்றார். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். ம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கலைமதி அப்பா, எனக்குப் புரிந்தது. ஒரு சொல் விடாமல் புரிந்தது. குன்னூரில் அவர்கள் கேட்டு முடித்ததும் இந்த வீடு, நீங்கள் லீவில் வந்தபோது போட்ட அலமாரி, எல்லாம் கண்முன் வந்தது. அதற்குப் பிறகுதான் யெஸ் சார் என்றேன்.

அம்மா வேலையிலிருந்து நின்றபோது வீடு போய்விடக் கூடாது என்றுதான் எஸ்டேட் வேலைக்கு என் பெயரைக் கொடுத்தார்கள். பத்தாவதில் நான் வாங்கிய மார்க்கை ஒருவரும் கேட்கவில்லை. நாளைக்கு என் முழங்கால் ஓய்ந்துபோனால் இதே வீட்டுக்காகக் கலைமதி பெயரைத்தான் கேட்பார்கள். நீங்கள் திரும்பி வந்து இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதும் எனக்குத் தெரியும். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதீர்கள். கடிதம் கிடைத்ததும் யோசித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். போக வேண்டாம் என்றால், மனசு கேட்காவிட்டாலும் இருந்துகொள்கிறேன். ஆனால் புரியாமல் சொல்லிவிட்டேன் என்று மட்டும் அவர்களிடம் போய்ச் சொல்லச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் இசக்கியம்மா