திறக்காத நாற்பத்தொன்று

மார்ச் 3, காலை

என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணனுடைய பெரியவள் நீச்சலில் ஏழு பள்ளிக்கூடங்களுக்குள் முதலாவதாக வந்தாள். நடுவிலான் கணக்கில் நூற்றுக்கு நூறு. வாத்தியாரே நம்பாமல் இரண்டு தடவை திருத்திப் பார்த்தாராம். கடைக்குட்டிக்கு நாலு வயதுகூட ஆகவில்லை, தெருவில் இருக்கிற கடைப் பலகையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு இதையெல்லாம் சொல்ல ஒரு வாய் போதாது.

இதைச் சொல்லவா நாலு வருஷம் கழித்து எழுதுகிறாள் என்று நினைப்பாய். இல்லை. பயத்தில் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் எப்போதும் தொடங்குகிற இடத்திலேயே தொடங்கிவிட்டேன்.

நேற்று அண்ணன் போனில் சத்தம் போட்டான். "அம்மா, வீடியோ அனுப்பினா திரும்பி வருது. உன் மெயில் பெட்டி ரொம்பி வழியுதாம். மேல சிவப்பா எழுதியிருக்குமே, பாக்கலையா?" பார்த்தேன்தான். மாதக்கணக்காகச் சிவப்பாக நிற்கிறது. ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். பதினாலாயிரம் கிடக்கிறது. இடம் இல்லாவிட்டால் புதிதாக ஒன்றும் உள்ளே வராதாம், வெளியேயும் போகாதாம். "பெருசு பெருசா இருக்கிறத முதல்ல தூக்கிப் போடு" என்று வழி சொல்லிக் கொடுத்தான்.

இருப்பதிலேயே பெரிதாக நின்றது உன் கடிதம்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். டாக்டர் படிப்பைக் கடைசி வருஷத்தில் விட்டுவிட்டு ரொட்டி சுடப் போகிறேன் என்று நீ கிளம்பினாயே, அன்றைக்கு 'பாஸான பிறகு' என்று மெயில் பெட்டிக்குள் ஒரு தனி அடுக்கு போட்டேன். உன் கடிதம் வர வரப் பிரிக்காமல் அதில் தள்ளினேன். நீ பரீட்சை எழுதிப் பாஸானதும் எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பதாகத் திட்டம். நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது.

என்ன இவ்வளவு கனம் என்று அந்த ஒன்றைத் திறந்தேன். கறுப்பு வெள்ளையில், புகை மூட்டமாக நாலைந்து படம். கடைக்குட்டி வயிற்றில் இருந்தபோது அண்ணி காட்டினது மாதிரியே இருந்தது. உனக்கும் குழந்தையா என்று ஒரு நிமிஷம் பூரித்துப் போனேனடி. பிறகுதான் கீழே படித்தேன். மார்பில் கட்டி. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். "முடிஞ்சதும் எழுதறேம்மா. பயமா இருக்கு."

தேதி போன ஜூலை பதினெட்டு. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை.

நீ எழுதவில்லையா, எழுதியும் என் பெட்டி வாங்கவில்லையா? மூன்றாவதாக ஒன்று மனசில் வருகிறது, அதை எழுத விரல் வரவில்லை. உன் பழைய போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. நேற்று ராத்திரியிலிருந்து அறுநூறு கடிதம் அழித்த பிறகுதான் இதை அனுப்ப வழி கிடைத்தது.

ஒரே ஒரு வரி போடு.

அம்மா

*

மார்ச் 5

சின்னவளே,

பதில் இல்லை. நீ எழுதி, இடம் இல்லாமல் வாசலோடு திரும்பிவிடுமோ என்று இரண்டு நாளாக அழித்துக்கொண்டே இருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழிக்கலாமாம். எனக்குத் தைரியம் இல்லை. உன்னுடையது ஒன்று கூடப் போய்விட்டால்? ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துத்தான் எறிகிறேன். ஒரு திரைச்சீலைக் கடை எழுபது தடவை என்னை நலம் விசாரித்திருக்கிறது. நான் உன்னை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை.

நாற்பத்தொன்றையும் படித்துவிட்டேன். அடுப்பு பக்கத்தில் நின்று புருவம் கருகினது, முதல் நாள் மாவு பொங்காமல் கல்லாய்ப் போனது, கல்யாண வீட்டுக்கு முந்நூறு பன் சுட்டுக் கொடுத்தது. சிரித்துக்கொண்டே படித்தேன். ஜூன் மாதக் கடிதம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அம்மா, நம்ம குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி கட்டி வந்திருக்கான்னு டாக்டர் கேக்கறார். அவசரம்."

வந்திருக்கிறது. என் சித்திக்கு வந்தது. வெளியே சொல்லக் கூடாதென்று வயிற்று வலி என்று சொல்லி வைத்தோம். இதை யாரிடமாவது காட்டு. எட்டு மாதம் பிந்தின பதில் எதற்காவது உதவுமா?

உன் மௌனத்தைக் கேட்டபடியே உட்கார்ந்திருக்கும்,
அம்மா

*

மார்ச் 8

சின்னவளே,

இன்றைக்கு மானத்தை விட்டு அண்ணனிடம் கேட்டேன். "நீதானே இந்த வீட்டுல அவ பேச்சே எடுக்கக் கூடாதுன்ன? நானும் வாய மூடிக்கிட்டேன், அவளும் விட்டுட்டா" என்றான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆபரேஷன் வாசலில் நம் ஆள் ஒருத்தர்கூட நிற்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சாயங்காலமே உன் ரொட்டிக் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் பண்ணினான். "அங்க இப்ப செருப்புக் கடைம்மா" என்றான். "நல்லாத்தான் இருப்பா" என்று மூன்று தடவை சொன்னான். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

இன்னும் ஒன்பதாயிரம் இருக்கிறது. கண் எரிகிறது. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது, கண்ணு. திட்டுகிறவள் உயிரோடு இருக்கிறாள் என்று நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவேன்.

அம்மா

*

மார்ச் 9

அம்மா,

மூணும் வந்தது. பதில் எழுதாம இருந்தது நான்தான். உன் பெட்டி மேல பழி போடாதே.

ஆபரேஷன் முடிஞ்சு ஆறு தடவை எழுதினேன். ஆறும் "பெட்டி நிறைந்துள்ளது"ன்னு திரும்பி வந்தது. நீயே யாரையோ பிடிச்சு எனக்கு மட்டும் அப்படிப் போடச் சொல்லிட்டியோன்னு நினைச்சேன். உன்னால முடியாத வேலையா அது? அதுக்கப்புறம் நம்பரை மாத்தினேன், கடையையும் கொடுத்துட்டேன். கை தூக்க முடியல, மாவு பிசைய முடியல.

மருந்தெல்லாம் முடிஞ்சது. முடி இப்பதான் ஒரு விரல் அளவு வளர்ந்திருக்கு. சித்திப் பாட்டி விஷயத்தை டாக்டர்கிட்ட சொன்னேன், எழுதிக்கிட்டார். இருபதாம் தேதி திரும்பவும் ஸ்கேன். தனியாத்தான் போறேன். வரச் சொல்லல, சும்மா சொன்னேன்.

நான் பாஸாகலம்மா. இனிமே பரீட்சை எழுதவும் போறதில்ல. அத நீ தெரிஞ்சுக்கிட்டு எழுதறியா, தெரியாம எழுதறியா?

சின்னவள்

*

மார்ச் 9, சாயங்காலம்

என் கண்ணுக்கு,

தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த அடுக்கையே எடுத்துவிட்டேன். உன் நாற்பத்தொன்றும் இப்போது பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. இன்று வந்தது நாற்பத்திரண்டு.

சும்மா சொன்னாயாம். சும்மா சொல்கிறவள் தேதியைச் சொல்வாளா? பத்தொன்பதாம் தேதி சாயங்காலப் பஸ்ஸில் வந்து இறங்குவேன். வராதே என்றால் அந்தக் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன், எனக்கு அது பழக்கம்தானே. இருபதாம் தேதி என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பயம். உனக்கு என்னைவிடப் பத்து மடங்கு இருக்கும். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பயப்படுவோம்.

என்னிடம் இருப்பது நாலு வருஷத்துக்கு முந்தின உன் முகம், தோளுக்குக் கீழே பின்னல். அந்த ஆளைத் தேடிக்கொண்டு பஸ் நிலையத்தில் உன்னைக் கடந்து போய்விடுவேனோ என்று பயமாயிருக்கிறது. இப்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே, தலையில் துணி கட்டாமல், புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. மெயிலில் வேண்டாம், கையில் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

அம்மா